நாற்பத்தைந்து டிகிரி

...பதிமூன்று அறுபத்திரண்டு, பதிமூன்று ஐம்பத்தைந்து, இரண்டு வாய்ப்பும் போச்சு, இனி ஒன்றே ஒன்று, அதில் பதினாலு மீட்டர் தாண்டினால்தான் அணியில் இடம், இல்லாவிட்டால் இருபத்தெட்டு வயதில் என் தங்கைக்குக் குண்டு எறிதல் இதோடு சரி... ஏன் இவ்வளவு மேலே எறிகிறாள்? நாலு கிலோ இரும்பு வானத்தைப் பார்த்துப் போகிறது, பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது, கிட்டத்திலேயே தொப்பென்று விழுகிறது. ஏனென்று எனக்குத் தெரியாதா என்ன, நான்தானே சொன்னேன், மூன்று வருடம் முன்பு, சாப்பாட்டு மேசையில், கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, "நாற்பத்தஞ்சு டிகிரியில விடுடி, அதுதான் அதிக தூரம், கணக்கு பொய் சொல்லாது." பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற அக்கா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. கோச்சம்மா அப்போதே தாழ்வாக விடச் சொன்னார், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, "மேடம், உங்க கண்ணளவை நம்புறதா, சூத்திரத்தை நம்புறதா?"

கணக்கு பொய் சொல்லவில்லைதான், நான் பாதியை மறந்துவிட்டேன். தரையிலிருந்து கிளம்பித் தரையில் விழுவதற்குத்தான் அந்த நாற்பத்தைந்து. இவள் குண்டு தரையிலிருந்தா கிளம்புகிறது, நீட்டிய கையிலிருந்து, ஆறடி உயரத்திலிருந்து... போதாக்குறைக்கு மேல்நோக்கித் தள்ளத் தள்ளக் கையின் வேகம் குறையும், வேகம் போனால் தூரமும் போச்சு. போன மாதம் விடைத்தாள் திருத்தும்போது ஒருத்தி படத்தில் தரைக்கு மேலே சின்னக் கோடு போட்டுத் 'தொடக்க உயரம்' என்று எழுதியிருந்தாள், அப்போதே என் தப்பு தெரிந்துவிட்டது. சொன்னேனா? போட்டி நேரத்தில் குழப்ப வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு சாக்கு... சாக்காவது ஒன்றாவது, வறட்டு கௌரவம், வேறென்ன.

கூப்பிட்டுவிட்டார்கள். வட்டத்துக்குள் இறங்குமுன் மூன்றாவது வரிசையில் என்னைத் தேடுகிறாள், எப்போதும் போல... கத்தவா? தாழ்த்திப் போடு, இரண்டே வார்த்தை, கத்தினால் அவளுடைய மூன்று வருடத்தைப் பாழாக்கியது நான்தான் என்று இத்தனை பேர் முன்னால்... சே, என்ன அக்கா நான். எழுந்தேன், மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டது, எடுக்கக் குனிந்தேன், இல்லை, பொய், அவள் கண்ணைப் பார்க்க முடியாமல்தான் குனிந்தேன்.

அவள் போட்ட கூச்சல் கேட்டது, தொம்மென்று ஒரு சத்தம், அப்புறம் கைதட்டல். நிமிர்ந்தால் வெள்ளைக் கொடி, எறிந்தது செல்லும், அளவு நாடாவை இழுக்கிறார்கள், பலகையில் பதினாலு இருபத்தொன்று. "பாத்தீங்களா, இந்தத் தடவை எவ்வளவு தாழ்வா விட்டா!" என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். நான் எங்கே பார்த்தேன்... கோச்சம்மா முகத்தில் சந்தோஷம் இருக்கிறது, ஆச்சரியம் இல்லையே. அப்படியானால் இது பழகிய கை, எத்தனை நாளாக, பயிற்சிக்கு நான் வராத நாளெல்லாம் இப்படித்தானா, முதல் இரண்டும் நான் பார்த்துக்கொண்டிருந்ததால் மேலே எறிந்ததா? அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள், சிரித்துக்கொண்டே உதட்டை அசைக்கிறாள், "சாரிக்கா"... எதுக்குடி சாரி, யார்கிட்டடி கேக்கறே...