ஜெயவேலு வீட்டுக் கல்வெட்டு

சென்னைக்கு முந்நூற்று எழுபது வயதான அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழ்க்கட்டளையில் ஒரு நகரின் நலச்சங்கச் செயலாளரான ஜெயவேலு, ஊரின் பிறந்தநாளைக் கொண்டாட இருபத்தைந்து பேரை வேனில் ஏற்றி மாடம்பாக்கம் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கல்வெட்டுகளைக் காட்டி மைக்கில் அரை மணி நேரம் பேசினார். "பழைய கல்லு ஒண்ணொண்ணும் நம்ம பாட்டன் எழுதிவச்ச உயில் சார்" என்றபோது கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நடிப்பில்லை, மனிதர் நிஜமாகவே உருகினார். ஊரான் வீட்டுக் கல்லுக்கு உருகுவதில் என்ன கஷ்டம்?

எல்லோரும் கலைந்த பிறகு, கல்வெட்டுகளைப் படித்துக் காட்டிய வரலாற்று ஆசிரியை அஜீசாவை மட்டும் வீட்டுக்கு டிபனுக்கு அழைத்துவந்தார். கொல்லையில் கை கழுவப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். துணி துவைக்கும் கல்லின் பக்கவாட்டில், காய்ந்த சோப்புக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன.

"இந்தக் கல் எங்க கிடைச்சுது அக்கா?"

"கிழக்குப் பக்கம் அஸ்திவாரம் தோண்டறப்போ நட்டபடி இருந்துச்சும்மா. இவர்தான் பேத்துப் போட்டாரு" என்றாள் ஜெயவேலுவின் மனைவி வேதா.

அஜீசா விரலால் தடவித் தடவிப் படித்தாள். "'இக்கல்லுக்கு மேற்கு ஏரி. இதை அழித்தவன் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான்.'" நிமிர்ந்தவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். "ஏரி எல்லைக் கல் சார். நாளைக்கே தொல்லியல் துறைக்கு எழுதிடலாம்."

அந்தக் கல் நின்ற இடத்துக்கு மேற்கேதான் ஜெயவேலுவின் வீடு. அதை ஒட்டி இன்னும் பதினொரு வீடுகள். ஒன்றுக்கும் பட்டா வரவில்லை. விஷயம் வெளியே போனால் பட்டாவுக்குப் பதில் புல்டோசர் வரும். ஜெயவேலு உடனே செல்போனை எடுத்தார். பக்கத்து வீட்டுச் சேட்டுவைக் கூப்பிட்டார். அந்த மனைகளை எல்லாம் போட்டு விற்றவன் அவன்தான்.

சேட்டு பேச்சை வளர்க்கவில்லை. வந்ததும், கல்லைப் படமெடுத்துக்கொண்டிருந்த அஜீசாவின் கேமராவைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். தடுத்தவளை அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் துப்பட்டாவில் சொட்டியது.

"இன்னா டீச்சர், டிபன் துன்ன வந்தியா, வூட்ட இடிக்க வந்தியா? அண்ணே, சம்மட்டிய எடு. கல்லு இருந்தாத்தான எழுத்து கீது?" என்றபடி கல்லைப் புரட்டி, எழுத்துப் பக்கத்தை மேலாக்கினான்.

குறுக்கே வந்த வேதாவைப் பிடித்துக் கதவில் தள்ளினான். அவள் மண்டை நிலைப்படியில் மோதியது. ஜெயவேலு அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் சம்மட்டியை ஓங்கினார். முதல் அடியில் கல்லின் முனை தெறித்தது. இரண்டாவது அடிக்குள் அஜீசா பாய்ந்து எழுத்துகளின் மேல் கையை விரித்துவிட்டாள். ஓங்கிய சம்மட்டி நிற்கவில்லை. எலும்பு நொறுங்கியது எல்லோருக்கும் கேட்டது.

வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. சாக்பீஸ் பிடித்த கை. அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே போலீஸ்காரர் நோட்டைத் திறந்ததும், சேட்டு ஜெயவேலுவின் காதருகே குனிந்தான்.

"கல்லு சரிஞ்சு வுழுந்துச்சுன்னு சொல்லு அண்ணே. பதினோரு வூடும் நமக்கு சாட்சி."

வேதாவின் நெற்றி புடைத்து ஒரு கண் மூடியிருந்தது. திறந்திருந்த கண்ணால் புருஷனைப் பார்த்தாள்.

"அடுத்தவன் வூட்ல பழைய கல்லு இருந்தா சரித்திரம். நம்ம வூட்ல இருந்தா சம்மட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜெயவேலுவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. போலீஸ்காரரிடம் திரும்பினார்.

"எழுதிக்குங்க சார். அந்தப் பொண்ணு கைய நசுக்கினது நான். அறைஞ்சது இவன். கல்லு கொல்லையில இருக்கு, எழுத்தும் இருக்கு, எடுத்துட்டுப் போங்க. வூடு போனா போவட்டும். ஊர் சரித்திரத்த மைக்ல பேச எவனும் வருவான் சார். அதுவே நம்ம வாசல்ல வந்து 'தள்ளி நில்லு'ன்னு சொன்னா, தள்ளி நிக்கணும். அதுக்கு மனசில்லாதவன் ஊருக்குப் பொறந்தநாள் கொண்டாடக் கூடாது."