சுலோச்சனா சிரிக்க வேண்டிய ஷாட்

கோதண்டத்தின் மதியத் தூக்கத்தில் படப்பிடிப்பு நடத்த, போரூர் தாண்டி இருக்கும் உறக்க ஆராய்ச்சி நிலையம் பதினெட்டு நாள் அனுமதி கொடுத்தது. இரண்டு மணியிலிருந்து நாலே கால் வரை. கனவுக்குள் போகும் கதவு இரண்டாவது மாடியில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஜெனரேட்டர் வண்டி கனவுக்குள் நுழையாது என்பதால் அதைக் கீழே வேப்பமரத்தடியில் நிறுத்தி, கேபிளை மட்டும் ஜன்னல் வழியாக ஏற்றி கோதண்டத்தின் தலையணைக்கு அடியில் விட்டிருந்தார்கள்.

படத்தின் பெயர் 'மூடிய இமை - 2'. உளவியல் த்ரில்லர். தூக்க ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஒருவர் தன்னிடம் வருகிறவர்களின் கனவுக்குள் புகுந்து கொலை செய்கிறார். ஏன் செய்கிறார் என்பது அவருக்கும் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது. உளவியல் என்றால் சும்மாவா? முதல் பாகம் எடுக்கப்படவே இல்லை. இரண்டாம் பாகங்களுக்குத்தான் இப்போது மவுசு என்று இயக்குநர் ஜெய்துருவன் நேராக அதற்கே வந்துவிட்டார். நேரத்தை வீணாக்காத பிள்ளை.

சென்னையில் கனவு காண்கிறவர்களுக்கா பஞ்சம்? ஆனால் மற்றவர்கள் கனவில் எதுவும் நிலையாக நிற்காது. முதல் ஷாட்டில் பேருந்தாக இருப்பது அடுத்த ஷாட்டில் சித்தப்பாவாகிவிடும். கன்டினியூட்டி போய்விட்டது என்று உதவி இயக்குநர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கோதண்டமோ அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் இயக்கியவர். மேலே போவார், கீழே வருவார். பக்கவாட்டில் போகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. கனவும் அப்படித்தான். ஒரே வீடு, ஒரே சமையலறை, சுவரில் ஒரே காலண்டர், அதில் ஒரே தேதி. அடுப்புக்கு முன்னால் சுலோச்சனா.

சுலோச்சனா அவர் மனைவி. இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கோதண்டம் கண்ணை மூடினால் போதும், அங்கே அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பாள். "வந்துட்டீங்களா" என்பாள். இவர் முக்காலியில் உட்காருவார். அவ்வளவுதான் கனவு. நிலையத்தின் தலைவி டாக்டர் நப்பின்னை ஆறு வருஷமாக இவர் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, 'இவ்வளவு சலிப்பான கனவை நான் கண்டதில்லை' என்று அறிக்கையிலேயே எழுதிவைத்திருந்தார். பாவம், படித்தவர். கோதண்டம் அந்த அப்பளச் சத்தத்துக்காகத்தான் உயிரோடு இருந்தார். விழித்திருக்கும் நேரமெல்லாம் அவருக்கு லிஃப்ட் வருவதற்காக நிற்கிற நேரம்.

படப்பிடிப்புக் குழுவில் நாற்பத்திரண்டு பேர். முதல் நாளே சுலோச்சனா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். கோதண்டத்தின் குறட்டை ஒலிப்பதிவில் விழுந்ததை ஜெய்துருவன் பின்னணி இசை என்று வைத்துக்கொண்டார். ட்ராலிக்குத் தண்டவாளம் போட இடமில்லாததால் பூஜை அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். மற்றபடி குறை சொல்வதற்கில்லை.

பதினெட்டாம் நாள் மூன்றாவது கொலை. சாக வேண்டிய நடிகை வரவில்லை. கேரவன் நுழையாத கனவில் நான் எப்படி நடிப்பது என்று கேட்டுவிட்டார். நியாயம்தானே. ஜெய்துருவன் மோவாயைத் தடவியபடி சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் சுலோச்சனா மேல் நின்றது.

"சார், அம்மாவையே போட்டுரலாம்" என்றார்.

"செத்தவளை எதுக்கு தம்பி திரும்பவும் சாவடிக்கிறே?" என்று கேட்டார் கோதண்டம்.

"அதுலதான் சார் உளவியலே இருக்கு."

கோதண்டம் முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சுலோச்சனா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் கடற்கரையில் ஒரு ஷூட்டிங் பார்க்கப் போய், கயிற்றுக்கு அந்தப் பக்கம் போ என்று விரட்டப்பட்டவள் அவள். முப்பத்தெட்டு வருஷமாக அந்த ஆத்திரம் ஆறவில்லை.

"ஏங்க, ஒரு தடவைதானே? நடிச்சிட்டுப் போறேனே" என்றாள்.

அவள் எதையாவது கேட்டு இவர் மறுத்த வழக்கம் கிடையாது. ஆனாலும் ஒரு நிபந்தனை வைத்தார். சாவுக் காட்சியில் நடிப்பவர், அது முடிந்த கையோடு கேமராவைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். எல்லாச் சம்பிரதாயத்தையும் கேலி பேசுகிற சினிமாக்காரர்கள்கூட இதை மட்டும் விடமாட்டார்கள். அந்தச் சிரிப்பு பதிவானால்தான் செத்தது நடிப்பு. பதிவாகாவிட்டால் செத்தது செத்ததுதான்.

"சிரிப்பு ஷாட்டை மறந்துராதே தம்பி" என்றார்.

"சார், அதை மறப்போமா? எங்க ஆயாமேல சத்தியம்" என்றார் ஜெய்துருவன்.

தலையில் ஒட்டும் ஒயரால் படத்தின் கொலைகார டாக்டர் அவள் கழுத்தை நெரிக்க, சுலோச்சனா சாய வேண்டும். பதிமூன்று டேக் வீணாயிற்று. உயிர் போகிற நேரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணைத் திறந்து, அப்பளம் கருகுகிறதா என்று பார்த்தாள். பதினாலாவது டேக்கில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். அப்படியே துவண்டு விழுந்தாள் பாருங்கள், லைட்மேன் ஒருவர் விசும்பிவிட்டார். மணி நாலு ஏழு.

"அய்யோ, பிரமாதம்மா!" என்று கத்தினார் ஜெய்துருவன். "அப்படியே ஒன் மோர். சேஃப்டிக்கு."

ஓகே ஆன ஷாட்டைப் பத்திரத்துக்காக மறுபடியும் எடுக்காவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது. எடுத்தார்கள். இன்னும் பிரமாதம். மானிட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சுலோச்சனா தரையிலேயே கிடந்தாள். "சிரிப்பு, சிரிப்பு" என்று முக்காலியிலிருந்து கோதண்டம் கூவினார். கேமராவை அவள் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. நாலே கால். டாக்டர் நப்பின்னை நேரம் தவறாதவர். கோதண்டத்தின் தோளைத் தட்டி எழுப்பி, கையில் டீயைக் கொடுத்தார்.

நாற்பத்திரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"சிரிச்சாளா?" என்று கேட்டார் கோதண்டம்.

"பேட்ச் ஒர்க் நாள்ல எடுத்துக்கலாம் சார்" என்றார் ஜெய்துருவன். விட்டுப்போன துண்டு துணுக்குகளைக் கடைசியில் ஒரு நாள் சேர்த்து எடுப்பார்களாம். மறுநாள் அவர்கள் பாட்டு எடுக்கக் குலுமணாலி போய்விட்டார்கள். கொலைகாரருக்கு அங்கே ஒரு காதல் இருந்தது.

மறுநாள் மதியம் கோதண்டம் கண்ணை மூடினார். அடுப்பு அணைந்திருந்தது. சுலோச்சனா விழுந்த இடத்திலேயே கிடந்தாள். காதோரம் சரிந்த முடி, எண்ணெயில் பாதி பொரிந்து நின்ற அப்பளம், எல்லாம் விட்டது விட்டபடி. கன்டினியூட்டிக்குப் பெயர் போன கனவாயிற்றே. "சுலோ" என்று கூப்பிட்டார். "வந்துட்டீங்களா" என்று யாரும் கேட்கவில்லை. முதல் தடவை அவள் போனபோது ஆஸ்பத்திரியில் நாலு பேர் சுற்றி நின்றார்கள். இந்தத் தடவை அவர் ஒருவராகவே இருந்து அழுதார். அழுதுகொண்டே காலண்டரைப் பார்த்தார். அதே தேதி.

டாக்டர் நப்பின்னையிடம் போய்ச் சொன்னார். அவர் வரைபடத்தைப் புரட்டினார்.

"ஐயா, நீங்க வேற கனவு ஏதாவது பாருங்களேன்."

"எனக்கு வேற கனவு கிடையாதும்மா."

"அப்ப ஒரு கம்ப்ளைன்ட் எழுதிக் கொடுங்க. இனிமே மணியை அஞ்சு நிமிஷம் தள்ளி அடிக்கிறோம்."

ஜெய்துருவனுக்குப் போன் போட்டார். பட்ஜெட்டில் பேட்ச் ஒர்க்கையே நீக்கிவிட்டதாகவும், மூன்றாம் பாகத்தில் அம்மாவைக் கண்டிப்பாகச் சிரிக்க வைப்பதாகவும் அவர் அன்போடு சொன்னார். கோதண்டம் தூங்குவதை நிறுத்திவிட்டார். தூங்கினால் அல்லவா அவளை அப்படிப் பார்க்க வேண்டும்? சாப்பிட்ட கையோடு எழுந்து தெருவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நாலு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

படம் வெளியான வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு அவருக்கு இரண்டு டிக்கெட் வந்தது. மனைவியுடன் வருக என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் தன் துணிப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அரங்கு நிறைந்திருந்தது. இருபதாவது நிமிஷத்தில் அரங்கு மொத்தமும் தூங்கிவிட்டது. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை நானூறு தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மாத்திரையில்லை, ஒயர் இல்லை. பின்வரிசையில் இருந்த டாக்டர் நப்பின்னை இதைக் குறித்துக்கொள்ளக் குறிப்பேட்டைத் திறந்து, திறந்தபடியே தூங்கிப்போனார். ஜெய்துருவன் தன் படத்தை ஏற்கெனவே பார்த்தவர் என்பதால் பெயர் ஓடும்போதே தூங்கியிருந்தார். விழித்திருந்தது கோதண்டம் மட்டும்தான்.

மூன்றாவது கொலை வந்தது. திரையில் அவர் வீட்டுச் சமையலறை. சுலோச்சனா விழுந்தாள். டாக்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். அவள் முகம் திரை முழுக்க நின்றது. அதுதான் கடைசி ஷாட் என்று கோதண்டத்துக்குத் தெரியும். இதற்குமேல் அவள் எங்கேயும் கிடையாது.

சட்டைப் பையிலிருந்து மொபைலை எடுத்தார். மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட மொபைல், ஆனால் கேமரா கேமராதானே. நடைபாதை வழியாகத் திரைக்கு முன்னால் போய் நின்று அதைத் தூக்கிப் பிடித்தார். 

"சுலோ. இங்க பாரு. கேமரா இங்க இருக்கு. சிரிடி."

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். அப்பளத்தைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

டார்ச் விளக்கோடு வெளியிலிருந்து காவலாளி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "யோவ் பெரியவரே, திரையைப் படம் புடிச்சா திருட்டு வீடியோ கேஸு, தெரியுமா?" மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். மேனேஜர் நல்ல மனிதர். போலீஸ் எல்லாம் வேண்டாம் என்று, வீடியோவை மட்டும் அழித்துவிட்டு மொபைலைத் திருப்பிக் கொடுத்தார். அழிந்துபோன சிரிப்பு கணக்கில் சேருமா என்று கோதண்டம் அவரிடம் கேட்டார். அது விநியோகஸ்தரைக் கேட்க வேண்டும் என்றார் மேனேஜர்.

கோதண்டம் திரும்பிவந்து தன் இருக்கையில் உட்கார்ந்தார். பயமாக இருந்தது. நாலு மாதத் தூக்கம் வேறு காத்துக்கொண்டிருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

எண்ணெய் காயும் சத்தம் கேட்டது.

"வந்துட்டீங்களா" என்றாள் சுலோச்சனா. நெற்றியெல்லாம் வியர்வை. பொரித்த அப்பளம் பெரிய கூடையில் குவிந்திருந்தது. "எப்படி நடிச்சேன்? ஜனங்க என்ன சொன்னாங்க?"

கோதண்டத்துக்கு அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "எல்லாரும் தூங்கிட்டாங்க சுலோ" என்றார்.

"தெரியுமே. அதான் எல்லாரும் இங்க வந்துட்டாங்களே" என்று கூடத்துப் பக்கம் கையைக் காட்டினாள்.

எட்டிப் பார்த்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நானூறு பேரும் டிக்கெட் வரிசைப்படி இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் நப்பின்னை உப்பு வைத்துக்கொண்டு வந்தார். ஜெய்துருவன் அப்பளம் இன்னொன்று கேட்டார், சேஃப்டிக்கு.

"மோர் பத்தாதுங்க. ஓடிப்போய் தயிர் வாங்கிட்டு வாங்க" என்றாள் சுலோச்சனா.

கோதண்டம் பையை உதறி எடுத்துக்கொண்டார். காலண்டர் மறுநாள் தேதியைக் காட்டியது. வாசலில் லிஃப்ட் நின்றிருந்தது. உள்ளே ஏறி, பக்கவாட்டில் போகும் பொத்தானை அழுத்தினார்.