அண்ணன் டிரம்மின் சத்தத்தை எழுதுவது எப்படி

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. எழுத வேண்டாம் என்று சொன்னவர் அண்ணி. "அவரு டிரம்மப் பத்தி எழுதுறேன்னு சத்தத்தத் தப்பா எழுதி வச்சிடாதீங்க தம்பி" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: 'அண்ணனின் டிரம் டும் என்று ஒலிக்கும்.' அடித்துவிட்டேன். டும் இல்லை. 'தொம்'? அது மூட்டை விழுகிற சத்தம். 'தூம்...' கொஞ்சம் கிட்டே வருகிறது. போகட்டும், பிறகு பார்க்கலாம்.

2

அண்ணன் மேடைக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசித்தவன். அவன் இறந்துபோனபோது மகள் கைக்குழந்தை. (அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம்.) செட்டிலிருந்து ஒன்றை மட்டும் அண்ணி விற்காமல் வைத்துக்கொண்டார். மூன்று காலில் நிற்கிற, பலகை உருளை போட்ட பெரிய டிரம்.

[தெரியாதவர்களுக்கு: உருளை அகலமானால் சத்தம் கீழே இறங்கும். தோலை இழுத்துக் கட்டினால் மேலே ஏறும். தோல் தடிமனாக இருந்தால் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். மரத்தைப் பொறுத்தவரை... வேண்டாம், பாடப் புத்தகம் மாதிரி ஆகிறது.]

தோலைப் பிடிக்கும் வளையத்தைச் சுற்றித் திருகுகள் இருக்கும். எதிரெதிராக, எல்லாவற்றையும் சமமாக முடுக்க வேண்டும் என்பார்கள். அண்ணன் தன் பக்கம் இருந்த ஒன்றை மட்டும் வேண்டுமென்றே தளர்த்தி வைப்பான். அடித்தால் சத்தம் எழும்பி, பிறகு சற்றே சரிந்து இறங்கும். "திருகு லூசா இருக்குண்ணே" என்று கூட வாசிப்பவர்கள் திருகு முடுக்கும் சாவியோடு வருவார்கள். "லூசு அது இல்லடா, நான்" என்பான்.

அந்தச் சரிவு எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவன் பேச்சும் அப்படித்தான், முடியும்போது குரல் இறங்கிவிடும்.

3

அண்ணி தினமும் அதைத் துடைத்துவிட்டு ஒரு தட்டு தட்டுவார். "அப்படியே இருக்கு" என்பார்.

அப்படியே இல்லை. நாளாக நாளாகத் தோல் தொய்ந்துவிட்டது, திருகுகளும் நெகிழ்ந்துவிட்டன. சத்தம் துளித்துளியாக இறங்கியதால் தினம் கேட்டவருக்குத் தெரியவில்லை. இதை அண்ணியிடம் சொல்லும் தைரியம் எனக்கு—

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

சொன்னது வாலுதான். கல்லூரி மேடையில் இதைத்தான் வாசிக்கப்போகிறாளாம். புதுத் தோலும் சாவியுமாக வந்து நின்றாள்.

"கை வச்சே, பாத்துக்கோ. அது உங்கப்பா கட்டி வச்ச கட்டு."

"அது எப்பவோ போச்சும்மா. நீ தட்டுறது வெறும் தொளதொளப்பு."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. இது அவரு சத்தம்தானே?"

4

முடிவு ஒன்று: "ஆமாண்ணி" என்கிறேன். வாலு தோலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். [இந்தப் பொய் எனக்குச் சுலபமாக வரும். அதனாலேயே வேண்டாம்.]

முடிவு இரண்டு: புதுத் தோலில் அண்ணன் சத்தம் அச்சு அசலாக வருகிறது, எல்லோரும் அழுகிறோம். [சினிமா.]

நடந்தது இது. "எனக்கு ஞாபகம் இல்லண்ணி" என்றேன். சரிந்தது நினைவிருக்கிறது. எங்கிருந்து எங்கே சரிந்தது என்பது போய்விட்டது.

வாலு சொன்னாள்: "உங்களுக்கு மறந்துபோச்சு சித்தப்பா. எனக்கு மறக்கிறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல. இது என்ன சத்தம் போட்டாலும் எனக்கு அதான் அப்பா."

அண்ணி நகர்ந்து மகளுக்கு இடம் விட்டார்.

5

பழைய தோல் கழன்றது, புதியது ஏறியது. மற்ற திருகுகளை முடுக்கிவிட்டு வாலு நிமிர்ந்தாள்.

"அப்பா லூசா விடுற இந்த ஒண்ண என்னம்மா பண்ணட்டும்?"

"நீதானே வாசிக்கப்போற. உனக்கு எப்படி வேணுமோ அப்படிக் கட்டிக்கோ."

வாலு சாவியைத் திருப்பினாள். எந்தப் பக்கம் என்று பார்த்தேன், எழுத மாட்டேன். குச்சியால் ஓர் அடி அடித்தாள். அந்தச் சத்தத்துக்கு என்னிடம் எழுத்து இல்லை. உங்களுக்கு வேண்டிய யாருடைய குரலாவது மறந்துகொண்டே வந்தால், அதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

[                    ]

அண்ணி, "இன்னொரு தடவ அடி" என்றார்.