மூன்றாவது வழி

கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைமாட்டில் மேலாளர். ஜன்னலோரம் தலைமைச் செவிலி. கதவருகே, அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டோர்காரர். பிரிண்டருக்குப் பக்கத்தில், முதுகு சுடும் இடத்தில், கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். அந்த ரத்தப் பரிசோதனைக்கூடம் முழுக்க அவருக்கு ‘வயர் அண்ணன்’ என்றுதான் பெயர்.

புதிதாக வந்த பன்னிரண்டு மடிக்கணினிகளில் ஒன்றில்கூட வைஃபை எடுக்கவில்லை.

“எதிர்க்கடை வைஃபைகூட என் போன்ல காட்டுது வயர் அண்ணே. இதுங்க மட்டும் பரம சாதுவா உக்காந்திருக்கு,” என்றார் செவிலி. “ரத்தம் எடுக்கற ரூமுக்கும் மேசைக்கும் நடந்தே என் செருப்பு தேஞ்சுபோச்சு.”

“மெஷின் புதுசும்மா. நாம போடற சிஸ்டம் ரெண்டு வருஷம் முந்தி வந்த, அஞ்சு வருஷம் திருத்தம் வர்ற நீண்டகாலப் பதிப்பு. அதுக்கப்புறம் பொறந்த வைஃபை கார்டை அதுக்கு அடையாளம் தெரியல.”

“தெரிஞ்சதைப் போட்டுத் தொலைங்களேன்,” என்றார் ஸ்டோர்காரர்.

“இருக்கு. போன மாசம் வந்த குறுகியகாலப் பதிப்பு. போட்டதும் எடுக்கும். ஆனா ஒம்பது மாசம்தான் அதுக்கு ஆயுசு. அப்புறம் பாதுகாப்புத் திருத்தம் வராது. பன்னெண்டையும் அடுத்த பதிப்புக்கு மாத்தணும். அப்புறம் மறுபடியும்.”

மேலாளர் நிமிர்ந்தார். “அப்போ உங்களை அனுப்பிட்டு நாங்க என்ன பண்றது? மாசக் கடைசியோட ஒப்பந்தம் முடியுதில்ல? நீட்டிச்சிடலாம். நாளைக்குத் தலைமை அலுவலகம் போறேன், மறுநாள் காலையில ஆணையில கையெழுத்து போட்டுடறேன்.”

“தப்பிச்சு ஓடலாம்னு பாத்தீங்களாக்கும்!” என்று செவிலி சிரித்தார். வயர் அண்ணனும் சிரித்தார். போக வேண்டாம் என்று யாராவது தன்னிடம் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று எண்ணிப் பார்த்தார், பிடிபடவில்லை.

மறுநாள் மாலை தன் அறையில் பணிக்குறிப்பேட்டைத் திறந்தார். ஒரே நாற்காலி, அதிலும் பாதி துவைத்த துணி. எந்தக் கணினியைத் தொட்டாலும் செய்ததையும் காரணத்தையும் எழுதிவிடுவது பதினோரு வருடப் பழக்கம்.

‘கூட்டத்துக்கு முன், ஏழாம் எண் கணினி. நீண்டகாலப் பதிப்பிலேயே, வன்பொருளை அடையாளம் காணும் மையப்பகுதியான கெர்னலை மட்டும் புதியதாக்கினேன். வைஃபை உடனே எடுத்தது. பழையபடி மாற்றிப் பெட்டியில் வைத்தேன்.’

காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தக் கெர்னலைப் போட்டுவிட்டால் திருத்தங்கள் தாமே இறங்கிக்கொள்ளும்; மூன்று வருடத்துக்கு யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. கூட்டத்தில் அவர் வாயில் வராத மூன்றாவது வழி அதுதான்.

கட்டத்தை வெறுமையாக விட்டு, தாள் ஒன்றை எடுத்தார். மேலாளர் போயிருக்கும் தலைமை அலுவலகத்தில் காகிதத்தில் வந்தால்தான் எதுவும் நகரும்.

‘ஐயா, கூட்டத்தில் தங்களிடம் ஒன்றை மறைத்தேன். நீண்டகாலப் பதிப்பே போதும். செய்யும் முறையை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன், செவிலியம்மாவே செய்துவிடலாம். என் ஒப்பந்தத்தை இதற்காக நீட்டிக்கத் தேவையில்லை.’

பதினான்கு படிகளை எழுதினார். ஒன்பதாவதைத் தெளிவில்லை என்று அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார். உறையை ஒட்டி, ஓரங்களை நகத்தால் நீவிக்கொண்டே கூரியர் கடைக்கு நடந்தார்.

“அவசரமா சார்?” என்றாள் கடைப்பெண்.

“காலையில எங்க மேலாளர் கையெழுத்து போடறதுக்குள்ள போயிடணும்மா.”

அவள் முத்திரை குத்தி உறையைப் பைக்குள் போட்டாள். வாசலில் நின்ற வண்டி அதை வாங்கிக்கொண்டு கிளம்பியது.