ரேடியோ அண்ணன் அனுப்பிய மடி

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அந்தக் குறையை ரேடியோதான் தீர்த்து வைத்தது. ஓசூர் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டுக்கு நான் கிளம்பும் நேரத்தில் அறிவிப்பாளர் முத்துமணியின் குரல் வரும். எங்கள் வீட்டில் அவருக்கு அண்ணன் என்றுதான் பெயர். "அண்ணன் வந்துட்டாரு, கெளம்பு காவேரி, பஸ்ஸு போயிடும்" என்று என் கணவர் தீர்த்தகிரியே விரட்டுவார். அண்ணனுக்குத் தொண்டை கட்டினால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது.

1984இல் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாமனுக்கு நான் எங்கே போவது? தன் வீட்டுக்காரரை உட்கார வைப்பதாக நாத்தனார் நாராயணம்மா சொன்னாள்.

"இல்லன்னா உங்க ரேடியோவ மணையில வெச்சுக் குத்திக்கோ" என்று சிரிப்பு வேறு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றே வானொலி நிலையத்துக்கு, "அண்ணா, என் பெண்ணுக்கு நீங்கள்தான் தாய்மாமன்" என்று எழுதி, பத்திரிகையும் வைத்துத் தபாலில் போட்டேன். போட்ட பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரென்றே தெரியாத மனுஷன் என்ன நினைப்பார்?

விசேஷத்துக்கு முதல் நாள் தபால்காரர் கோவிந்தப்பன் ஒரு பார்சல் கொண்டுவந்தார். உள்ளே பச்சைப் பட்டுப் பாவாடை, ஒரு கடிதம். இருந்த பரபரப்பில் வாசலிலேயே சத்தமாகப் படித்துவிட்டேன்.

"தங்கச்சி, அன்று எனக்கு ஒலிபரப்பு இருக்கிறது. ஆனால் மாமன் மடி காலியாக இருக்கக் கூடாது. இதைக் கொண்டுவந்து தருகிறவரை எனக்குப் பதிலாக உட்கார வை."

கோவிந்தப்பன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"காலைல எத்தன மணிக்குங்க?" என்று கேட்டார்.

மறுநாள் சலவை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். என் மகள் அந்த வேட்டியை நனைத்தாள். அவர் அசையவில்லை. நாராயணம்மாவே துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் அண்ணனுக்கு மாற்றலாகிவிட்டது. பிறகு அந்தக் குரலை நான் கேட்கவே இல்லை. கோவிந்தப்பன் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் கரும்போடு வந்துகொண்டிருந்தார்.

பதின்மூன்று வருஷம் கழித்து மகள் பெரியவளானபோது, அவர் கொண்டுவந்த சீர்த் தட்டில் இரண்டு புடவைகள் இருந்தன.

"ரெண்டு எதுக்குண்ணா?"

"ஒண்ணு அவரு பங்கும்மா. அவருக்குப் பதிலாத்தான நான் உக்காந்தேன்."

இரண்டு அண்ணன்களுக்கும் சேர்த்து அவர் காலில் விழுந்தேன்.