எழிலன் கொடுத்த எண்பத்தெட்டுக் கட்டைகள்

1

இந்தக் கதையை நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஒரு செல்போன் கடையில் திருடினேன். போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது கடையில் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. "இந்தக் கீபோர்டு நான்தான் சார். ஆனா நான் வாசிக்கல" என்றான் ஒட்டிக்கொண்டிருந்தவன். பெயர் எழிலன், ஊர் சிங்கவரம். அரை மணி நேரம் பேசினான். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்குங்க" என்றான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கோட்டை உச்சியில் சூரியன் இறங்கிய வேளையில் இசைக் கலைஞன் எழிலன்...'

அடித்துவிட்டேன். செஞ்சிக்காரன் எவனும் வேலையை விட்டுவிட்டுக் கோட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

எழிலன் சென்னையில் ஒரு ராக் பேண்டில் ஆறு வருஷம் கீபோர்டு வாசித்தான். பாடகன் ரஞ்சித் துபாய்க்கு வேலைக்குப் போனதும் பேண்டு கலைந்தது. பிறகு சினிமா ரெக்கார்டிங். கூப்பிட்டால் போய் வாசித்துவிட்டு வரும் பிழைப்பு. ஒருநாள் ஓர் இசையமைப்பாளர் கூப்பிட்டார். பாட்டெல்லாம் கிடையாது. கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக மெதுவாக அழுத்த வேண்டும், பிறகு ஓங்கி, பிறகு அழுத்திப் பிடித்தபடி. எண்பத்தெட்டுக் கட்டைக்கும் மூன்று நாள் ஆனது. அந்த ஒலிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டிய மெட்டை அவர்களே கோத்துக்கொண்டார்கள். அப்புறம் அவனை எவரும் கூப்பிடவில்லை.

(மூன்று நாளில் ஒரு நாள்கூடவா உறைக்கவில்லை என்று கேட்டேன். "என் சத்தத்த ஒருத்தர் அவ்ளோ கவனமா கேட்டது அதான் சார் ஃபர்ஸ்ட் டைம்" என்றான்.)

3

போன வாரம் அதே இசையமைப்பாளரிடமிருந்து மறுபடி அழைப்பு. சத்தம் சுத்தமாக இருக்கிறதாம், உயிர்தான் இல்லையாம். இந்த முறை அவனுடைய தப்புகள் வேண்டுமாம்: தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி விழும் இடது கை, தயங்கித் தொடும் சுண்டுவிரல்.

அதையும் கொடுத்துவிட்டால் அவனிடம் மிச்சம் ஒன்றுமில்லை. கொடுக்காவிட்டால் காலம் முழுக்கக் கண்ணாடி ஒட்ட வேண்டியதுதான்.

அப்பா ராஜாங்கம் நிலக்கடலை பயிரிடுகிறவர்; அவர் வாயில் அது மல்லாட்டை.

"இன்னாடா யோசன? வெதைக்கு வெச்ச மல்லாட்டைய எவனாச்சும் செக்குக்கு அனுப்புவானா? போவாத."

"போவல நைனா."

(இந்தப் பேச்சு நான் எழுதியது. "நைனா வேணாம்னாரு, சரின்னுட்டேன்" என்று மட்டும்தான் எழிலன் சொன்னான். மீதியை அவர்கள் குரலில் நானே வாசித்துக்கொண்டேன். அந்த இசையமைப்பாளரைத் திட்ட எனக்கு இப்போது வாய் வரவில்லை.)

4

முடிவு ஒன்று: போகிறான், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வருகிறான். முடிவு இரண்டு: போகவில்லை. மூன்று: போய், வேண்டுமென்றே பொய்த் தப்புகளாக வாசிக்கிறான். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது என்னுடைய கெட்டிக்காரத்தனம், அவனிடம் அது கிடையாது.

இன்று காலை அவனுக்கே போன் செய்தேன்.

"கதையில நான் போறேனா சார்?"

"இன்னும் முடிவு பண்ணல."

"போவலன்னு எழுதிடுங்க. நைனா படிப்பாரு."

போனில் அவனுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர், தாம்பரம் இறங்குகிறவர்களெல்லாம் முன்னால் வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

எழிலன் போகவில்லை. சிங்கவரத்தில் ராஜாங்கத்தைப் பார்த்தால், கதை இப்படித்தான் முடிகிறது என்று நீங்களும் சொல்லிவிடுங்கள்.