அறுபத்திரண்டாம் ஆண்டுக் காசுகள்

தங்கபாய்க்கு மிஷனில் வேலை. குடையும் வேதப்புத்தகமுமாகத் தோவாளைப் பக்கம் வீடு வீடாய்ப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். போகிற வீட்டில் மாமியார் மருமகள் சண்டை நடந்தால் அதையும் தீர்த்துவிட்டுத்தான் வருவாள். புருஷன் போனபின் அந்த நடைதான் அவளுக்கு உயிர். ஐம்பத்தைந்து வயதானால் வீட்டில் உட்கார வேண்டும் என்பது மிஷன் விதி. இந்தப் பங்குனியோடு அவளுக்கு நாற்பத்தொன்பது முடிகிறது. இன்னும் ஆறு வருஷம் நடக்கலாம்.

அந்த ஆறு வருஷத்துக்குத்தான் தம்பி ஜான்ரோஸ் உலை வைத்தான். அதுவும் பாசத்தால்.

கொழும்பிலிருந்து வந்த கூட்டாளி ஒருவன், தன் தகப்பனார் பிறந்த வருஷத்துக் காசுகளைப் பலகையில் பதித்து அவருக்குக் கொடுத்திருந்தான். அதைப் பார்த்ததிலிருந்து ஜான்ரோசுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐம்பதில் கால் வைக்கிற அக்காவுக்கும் அப்படி ஒன்று செய்ய வேண்டும். அக்கா பிறந்தது அறுபத்திரண்டாம் ஆண்டு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோட்டாற்றில் பழைய வெள்ளி விற்கும் சுயம்புவிடம் போனான்.

"அண்ணாச்சி, அறுவத்திரண்டு போட்ட காசு, ரூவாய்லேருந்து காலணா வரைக்கும் வேணும். கிடைக்குமா?"

"எத்தன சாக்கு வேணும்?" என்றார் சுயம்பு.

ஒரே மதியத்தில் ஆறு காசும் சேர்ந்துவிட்டன. ஆறிலும் ராணி தலை, ஆறிலும் 1862. ஜான்ரோசுக்கு ஊரில் வழங்கும் கொல்லம் ஆண்டும் தெரியும், இங்கிலீஷ் ஆண்டும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்கத்தான் தெரியாது. அக்கா பிறந்தது கொல்லம் 1062. இங்கிலீஷுக்கு அது 1887.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை முழுக்கப் பார்க்க அக்காவிடம் பலகையை நீட்டினான். 'தங்கபாய் பிறந்த வருஷத்துக் காசுகள்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தான். போன மாதம்தான் சீமையிலிருந்து வந்த மிஷனின் புதுத் துரை அதை ஆவலோடு வாங்கினார். பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதால் அவர் எல்லோருடைய வயதையும் விசாரித்துக்கொண்டிருந்த நேரம். பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"சகோதரியே, உமக்கு எழுபத்துநான்கு வயது. நாளை முதல் நீர் இளைப்பாறும்."

"அய்யா, எனக்கு நாப்பத்தொம்பதாக்கும்."

"ஸ்திரீகள் எல்லோரும் குறைத்தே சொல்லுகிறார்கள். இதுவோ வெள்ளியில் எழுதியிருக்கிறது."

தங்கபாய் தம்பி பக்கம் திரும்பினாள். "ஏலே, நான் பிறந்தது கொல்லம் அறுவத்திரண்டுல. இது இங்கிலீசு அறுவத்திரண்டுல்லா."

"அறுவத்திரண்டு அறுவத்திரண்டுதானக்கா" என்றான் ஜான்ரோஸ்.

அவள் கொல்லம் கணக்கைத் துரைக்கு விரல்விட்டு விளக்கினாள். துரை பொறுமையாகக் கேட்டார். "பெண்களின் வயதுக்கென்றே இந்த நாட்டில் தனி ஆண்டு உண்டோ?" என்றார்.

பேசிப் பயனில்லை என்று கண்ட தங்கபாய், கடைசி வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த தாயார் ராகேலைக் கைபிடித்து இழுத்துவந்து முன்னால் நிறுத்தினாள்.

"இவ என்னப் பெத்தவ. இவ வயசக் கேளுங்க."

"அறுவத்தாறு" என்றாள் ராகேல், கேட்பதற்கு முன்பே.

துரை அறுபத்தாறை எழுதினார். மேலே எழுபத்துநான்கு இருந்தது.

"நான் பிறக்கதுக்கு எட்டு வருசம் முன்னாலயே எனக்க மவ பிறந்துட்டாளா தொரை?" என்றாள் ராகேல். "அப்பம் அவளுக்குப் பால் குடுத்தது யாரு?"

துரை இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே முறைப்பு. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"நாளைக்கு எப்போதும்போல் தோவாளைக்குப் போம், சகோதரியே."

வீட்டுக்கு நடக்கும்போது ராகேல் மகனைத் தட்டினாள். "மக்கா, எனக்கும் ஒரு பலக செய்யணும் கேட்டியா. நான் நாப்பத்தஞ்சுல பிறந்தவ."

"ஆயிரத்தி எண்ணூத்தி நாப்பத்தஞ்சா? அது கம்பெனிக் காசுல்லா எம்மா. சுயம்பு அண்ணாச்சிட்ட இருக்கும்."

தங்கபாய் குடையை மடக்கி, முனையைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அவன் முதுகுக்கு நேரே ஓங்கினாள்.